அறவிடப்படும்

இதை ஒரே ஒரு ஆள் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். மரண அறிவித்தலைத் தவிர வேறு எதையும் தமிழில் வாசிக்காத ஆள். பரவாயில்லை. வெள்ளவத்தையில் யாராவது இதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் புண்ணியவானுக்கு இப்போதே நன்றி.

அவர் என் பழைய முதலாளி. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், சாறிக்கடைக்கு மேல்மாடியில், இரண்டு மேசையும் ஒரு ஏசியும் வைத்துச் சுற்றுலா ஏஜென்சி நடத்துகிறார். பாதி வெள்ளவத்தை அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கேயும் அங்கிள் என்றே எழுதப்போகிறேன். மரியாதையால் அல்ல. அம்மா இதை வாசிப்பார், வேறு சொல் பாவித்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

நான் கொட்டாஞ்சேனை, துறைமுகப் பக்கம். சுற்றுலா முகாமைத்துவத்தில் பட்டம் எடுத்துவிட்டு, பெரிய ஹொட்டேல்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு, கடைசியில் கிடைத்தது அங்கிளின் இரண்டாவது மேசை. வேலை, தமிழ்நாட்டிலிருந்து வரும் கோயில் குழுக்களைக் கவனிப்பது. முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம், நல்லூர், கதிர்காமம் என்று ஐந்து நாளில் நாட்டைச் சுற்றிக் காட்டி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற நான் எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும் என்று தூக்கத்திலும் சொல்வேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நன்றாகவும் செய்தேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

வான் ஓட்டியவர் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற அண்ணன். சொந்த வான், சின்ன பஸ் அளவு பெரியது. அவரை அங்கிளிடம் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். மாதத்துக்கு மூன்று நான்கு ஹயர், வாடகை ஓட்டம், போனது. வானுக்குப் புது சீற் கவர் போட்டார், பின் கண்ணாடியில் மாதா படமும் பிள்ளையார் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். "ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளட்டும் தங்கச்சி" என்றார்.

அப்புறம் வரி வந்தது.

ஒரு நாள் அரசாங்கம் அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் தலைக்கு இவ்வளவு பயண வரி. குழுவாக வந்தால் கூட்டிவருகிற ஏஜென்சி வாங்கிக் கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதை நான் படமாகக் கீறியிருக்கிறேன். விலை ஏற ஏற, கோடு சரியும், பயணி வேறு நாட்டுக்குப் போவான். அந்தப் பாடத்தில் எனக்கு ஏ. ஆனால் சரிகிற கோட்டுக்குச் சத்தம் இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சத்தம் இப்படி இருந்தது:

"மேடம், நாங்க மதுரைலேருந்து பேசறோம். அஞ்சு பேர் குடும்பம். அந்த வரி குழந்தைக்கும் உண்டா?"

"ஓம் அக்கா, குழந்தைக்கும் இருக்கு."

"கைக்குழந்தை மேடம். அது என்னத்தைச் சுத்திப் பாக்கப் போவுது?"

அந்த அக்கா மலேசியா போய்விட்டார். போன இடத்திலிருந்து எனக்குப் படமும் அனுப்பினார், கைக்குழந்தை தொப்பி போட்டிருந்தது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் கழன்றன. எங்கள் போன் அடிப்பது நின்றது. கண்டியில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிட நிறுத்துகிற கடைக்காரர் மட்டும் போன் எடுத்து, "என்ன தங்கச்சி, எங்கள மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். அண்ணன் ஓடாத வானைத் தினமும் கழுவினார். பிறகு கழுவுவதையும் விட்டார். எங்கள் ஒழுங்கைப் பூனைகள் பொனட்டில் படுத்துப் பழகிவிட்டன.

அங்கிள் மட்டும் பெரிதாகக் கலங்கவில்லை. ஏன் என்று பிறகு விளங்கியது.

கழன்றுபோகாமல் மிஞ்சியது ஒரே ஒரு குழு. கும்பகோணத்திலிருந்து இருபத்திரண்டு பேர். எல்லாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும். தலைவர் ஒரு தமிழாசிரியர். மின்னஞ்சலில்கூட ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுகிறவர். விலை விவரத்தை ஆங்கிலத்தில் அனுப்பினேன். 'தமிழர் தமிழருக்கு எழுதுவதைத் தமிழில் எழுதலாமே' என்று திருப்பி அனுப்பினார்.

அங்கிள் சுழல் கதிரையில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

"எழுதும் பிள்ளை. ஹொட்டேல், சாப்பாடு, வான் எல்லாம் உள்ளடக்கம். அதுக்குக் கீழ, பயண வரி தனியாக அறவிடப்படும். அவ்வளவுதான். அனுப்பும்."

அங்கிள் என்னை 'நீர்' என்றுதான் கதைப்பார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. குரலே குதூகலமாக இருந்தது.

"ஏம்மா, நீங்க எழுதியிருக்கீங்களே, வரி அறவிடப்படும்னு. உறுதிதானா?"

"ஓம் ஐயா, அறவிடப்படும்."

"எல்லாருக்குமா?"

"ஓம் ஐயா, எல்லாருக்கும்தான்."

"அடடா! ரொம்ப சந்தோஷம்மா! என்ன தமிழ், என்ன மனசு!"

வரி வாங்குவேன் என்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் என்று நான் நினைத்தேன். வாத்தியார், ஒழுங்கான குடிமகன். அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், "குழு உறுதி, வானைக் கழுவுங்க." பூனைகளைத் துரத்திவிட்டுக் கழுவினார்.

குழு வருவதற்குப் பத்து நாள் இருக்கையில் அரசாங்கம் வரியைப் பின்போட்டது. ஹொட்டேல்காரர்கள் கத்தினார்கள், பத்திரிகைகள் எழுதின, யாரோ எங்கேயோ இறங்கி வந்தார்கள். மறு அறிவித்தல் வரை வரி இல்லை. நான் துள்ளிக்கொண்டு அங்கிளிடம் ஓடினேன்.

"அங்கிள், கும்பகோணக் குழுவுக்குச் சொல்லிடவா, வரி இல்லை எண்டு?"

"ஏன் பிள்ளை?"

"இல்லாத வரிய எப்பிடி அங்கிள் வாங்கிற?"

"அவை கட்டுறம் எண்டு ஒத்துக்கொண்டுதானே வருகினம். நாளைக்குத் திரும்பவும் போடுவாங்கள், அப்ப கட்டத்தானே வேணும். நீர் சின்னப்பிள்ளை, உதுக்குள்ள மூக்கை நுழைக்காதையும்."

நான் மூக்கை நுழைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அங்கிளுக்கு நான் குடுக்கிற அடியில் கொஞ்சம் எனக்கும் விழ வேண்டியது, அது இந்த இடத்துக்காக. இரண்டு மாத வறட்சிக்குப் பிறகு ஒரு குழு வருகிறது, கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

குழு வந்து இறங்கியது. விமான நிலையத்திலிருந்து அண்ணன் கூட்டிவந்தார். வெள்ளவத்தையில் ஹொட்டேல் லொபியில் இளநீர் குடுத்து உட்காரவைத்தோம். பத்து நிமிடத்தில் அங்கிள் பளபளவென்று சேட் போட்டுக்கொண்டு வந்தார். நலம் விசாரித்தார். பிறகு, "அந்தப் பயண வரியை இப்பவே தந்தீங்கள் எண்டால் நான் கையோட கட்டிப்போடுவன்" என்றார்.

ஆசிரியர் இளநீரைக் கீழே வைத்தார்.

"என்ன சார் சொல்றீங்க? வரி கிடையாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

சட்டைப் பையிலிருந்து என்னுடைய விலை விவரத்தை எடுத்தார். அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். லொபி முழுவதும் ஒரு வகுப்பறைபோல அமைதியானது.

"இங்க பாருங்க. 'பயண வரி தனியாக அறவிடப்படும்.' அற, அப்படின்னா முழுக்க. விடப்படும்னா விட்டுடுவாங்க. தனியாகன்னா எங்களுக்குன்னு தனியா. ஆக, எங்களுக்கு மட்டும் தனிச்சலுகையா வரியை முழுக்க விட்டுடறோம்னு அர்த்தம். போன்லயும் கேட்டேன், இந்தப் பொண்ணு ரெண்டு தடவை உறுதியா சொல்லிச்சு. நான் இருபத்தோரு பேர்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன், ஈழத்துத் தமிழைப் பாருங்கய்யான்னு!"

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அறவிடுவது என்றால் வசூலிப்பது. தண்டப்பணம் அறவிடுவார்கள், கட்டணம் அறவிடுவார்கள். கடற்கரை மலசலகூடத்தில்கூட எழுதியிருக்கும். அது அக்கரையில் இல்லாத சொல் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் போனில் ஒரே சொல்லைச் சொல்லி, நேரெதிரான இரண்டு விஷயத்துக்குச் சம்மதித்திருக்கிறோம்.

அங்கிளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், உதட்டோரம் ஒரு துடிப்பு. அவர் ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். 'ஐயா, எங்கட ஊரில அந்தச் சொல்லுக்கு வசூலிக்கிற எண்டு கருத்து.' எல்லாரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் ஒரு தமிழாசிரியரை அவருடைய ஆட்களுக்கு முன்னால் மடையனாக்க வேண்டும். அவர் கோபித்தால் வரி போய்விடும். அதுவும் அரசாங்கமே கேட்காத வரி.

அங்கிள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்கள் தமிழ் படிப்பிச்ச ஆள். உங்களுக்கு நான் தமிழ் சொல்லித்தரேலுமே? நீங்கள் சொல்லுறதுதான் சரி. ஆனால் உதை எழுதினது நானில்லை. இந்தப் பெட்டை. வரி எடுக்கிறம் எண்டு எழுதச் சொன்னனான். இவள் கொமிஷனுக்கு ஆசைப்பட்டு, வரி இல்லை எண்டு எழுதி உங்களைப் பிடிச்சிருக்கிறாள். கள்ளி."

"அங்கிள்! நீங்க சொல்லச் சொல்லத்தானே நான் டைப் பண்ணினேன்!"

"வாயை மூடு நீ. கொட்டாஞ்சேனையில ஆள் எடுக்காதை எண்டு எல்லாரும் சொன்னவை, நான் கேக்கேல்லை. ஹாபர் பக்கத்துப் புத்தி. இனி ஒஃபிஸ் பக்கம் வராதை."

நீர், நீ ஆனது. அதைவிட ஹாபர். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் பென்ஷன் எடுத்த நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தது சாப்பாட்டுப் பெட்டியும் தலைக்கவசமும்தான், தலைக்கவசத்தைக்கூட மறுநாள் பஸ் பிடித்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார். என் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்திருந்த ஓர் அம்மா, என்னைப் பார்க்காமல், அதை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் வேலை போனதற்கு அங்கிளை மன்னிப்பேன். கைப்பை இடம் மாறியதற்கு மன்னிக்கமாட்டேன்.

எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே வரியைக் கொடுத்தார்கள். நான் 'அந்த வரியே இல்லை' என்று கத்த வாயெடுத்தேன். இரண்டு கையிலும் பெட்டியோடு நின்ற அண்ணன் அவற்றை வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தங்கச்சி, இப்ப வேணாம். இப்ப சண்ட புடிச்சா டூர் கான்சல். ரெண்டு மாசத்துக்குப் பொறகு வந்த மொத ஹயர். அஞ்சு நாள் பொறு. கடைசி நாள் இங்கதான் திரும்பி வாறம். அப்ப கிழி."

"உங்களுக்குக் கோவம் வரல்லியாண்ணே? கொட்டாஞ்சேனை எண்டு சொன்னது உங்களையும்தான்."

"வந்திச்சு. அதான் பெட்டியக் கீழ வச்சேன்."

ஐந்து நாள் பொறுத்தேன். என் வாழ்க்கையில் நான் பொறுத்த ஒரே ஐந்து நாள். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, லீவு என்றேன். அங்கிளை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே சட்டிபானை கழுவினேன், அம்மா சந்தேகமாகப் பார்த்தார். பொலிசுக்குப் போகலாம், பேஸ்புக்கில் போடலாம். ஆனால் எனக்கு அது எதுவும் வேண்டாம். அந்த இருபத்திரண்டு பேருக்கு முன்னால் என்னைக் கள்ளி என்று சொன்ன அதே வாய், அதே இருபத்திரண்டு பேருக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால். ஏறிவிட்டால் கும்பகோணத்தில் நான் ஆயுள் முழுக்கக் கள்ளிதான்.

வரியைப் பின்போட்ட அறிவித்தல் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் இருந்தது. 'தமிழர் தமிழருக்கு' ஞாபகம் வந்து, தமிழ்ப் பக்கத்தை எடுத்தேன். எங்கள் தெருமுனைக் கொமியூனிகேஷன் கடையில் இருபத்திரண்டு பிரதி அடிக்கக் குடுத்தேன்.

"என்ன, எலெக்‌ஷன் கேக்கிறியா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, ஒராளத் தோக்கடிக்கப் போறேன்."

கடைசி நாள் மத்தியானம். காலி வீதியில் ஒரு சைவக்கடையின் மேல்மாடி, குழுவுக்கு விடைதருகிற சாப்பாடு. அங்கிள் ஆளுக்கொரு தேயிலைப் பக்கெட் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் படியேறி வந்ததைக் கண்டதும் பக்கெட் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"உனக்கு இங்க என்ன வேலை?"

"சாப்பிட வரல்ல அங்கிள். நோட்டீஸ் குடுக்க வந்தேன்."

வாழை இலைகளுக்கு நடுவில் நடந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தாளாக வைத்தேன். பிறகு நடுவில் நின்று, கல்லூரி விவாதப் போட்டியில் வென்ற அதே குரலில் சொன்னேன். "ஐயா, அம்மா எல்லாரும் வாசிங்க. நீங்க குடுத்த வரிய அரசாங்கம் கேக்கவே இல்ல. இது அரசாங்க அறிவித்தல்."

ஆசிரியர் ரசம் தொட்ட விரலைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி போட்டார். உரத்து வாசித்தார்.

"'மறு அறிவித்தல் வரை மேற்படி வரி அறவிடப்படமாட்டாது.'"

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது? விடப்படமாட்டாதுன்னுதானே போட்டிருக்கு? வரியை விடமாட்டோம்னு அரசாங்கமே சொல்லுதே."

யோசித்துப் பாருங்கள். ஐந்து நாள் கூர் தீட்டிய கத்தி, பிடித்தவள் கையையே வெட்டியது. அங்கிள் தேயிலைப் பக்கெட்டை நெஞ்சில் அணைத்துக்கொண்டு சிரித்தார்.

"அதுதானே ஐயா. நீங்கள் வாசிச்சால் சரியாத்தான் இருக்கும்."

"ஐயா, அறவிடப்படமாட்டாது எண்டா வாங்கமாட்டாங்க எண்டு அர்த்தம்! இங்கிலீஷ்ல காட்டுறேன், பொறுங்க..."

ஆசிரியர் கையை உயர்த்தினார். "தமிழ்ல இருக்கறப்ப இங்கிலீஷ் எதுக்கும்மா? நான் இலக்கணம் நடத்தினவன். சொல்லைப் பிரிச்சா பொருள் தன்னால வரும்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கிளையும் அவரையும் ஒரே இலையில் மடித்திருப்பேன். அப்போதுதான் யன்னலுக்கு வெளியே கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

"ஐயா, கையைக் கழுவிட்டு என்னோட வாங்க. அஞ்சு நிமிஷம். இங்கதான் ஸ்டேஷன். அங்க சுவத்துல ஒரு போட் இருக்கு, நீங்களே வாசிங்க. வாசிச்சிட்டும் நான் கள்ளி எண்டா, நானே அங்கிளிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்."

"அவளோட போகாதையுங்கோ ஐயா, வெயில்" என்றார் அங்கிள், வேகமாக.

அந்த வேகம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆசிரியர் அவரை ஒரு கணம் பார்த்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்த கண். எழுந்து கை கழுவினார். இன்னும் ஆறேழு பேர் எழுந்தார்கள். கைப்பை அம்மாவும்.

ஒழுங்கை வழியாகக் கடலைப் பார்த்து நடந்தோம். நான் முன்னால், பின்னால் வேட்டியும் சேலையுமாக ஒரு ஊர்வலம். ஸ்டேஷன் வாசலில் நின்ற உத்தியோகத்தர் மறித்தார்.

"நங்கி, கொஹேத யன்னே?"

எங்கே போகிறாய் என்று கேட்கிறார். "கொஹேவத் நே அய்யே, போட் எக்க பலன்ன ஆவே" என்றேன். எங்கேயும் இல்லை அண்ணா, பலகையைப் பார்க்க வந்தோம். அவர் எங்கள் கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார். "பிஸ்ஸுத?" என்று தனக்குள் கேட்டுவிட்டு விலகி நின்றார். பைத்தியம்தான். நல்ல நேரத்துப் பைத்தியம்.

சுவரில் மூன்று மொழியிலும் எழுதிய பழைய பலகை. உப்புக்காற்றில் எழுத்து கொஞ்சம் உரிந்திருந்தாலும் வாசிக்கலாம். ஆசிரியர் கிட்டப் போய் நின்று சத்தமாக வாசித்தார்.

"'பயணச்சீட்டின்றிப் பயணம் செய்வோரிடமிருந்து தண்டப்பணம் அறவிடப்படும்.'"

"தண்டப்பணம் எண்டா அபராதம் ஐயா" என்றேன். "இப்ப சொல்லைப் பிரிங்க. டிக்கட் இல்லாம வந்தவன்கிட்ட அபராதத்த முழுக்க விட்டுடுவாங்களா? அதுக்கு ஒரு போட் எழுதி வைப்பாங்களா?"

அவர் மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை உதடு மட்டும் அசைந்தது. பின்னால் ஒரு அம்மாவுக்குச் சிரிப்பு வந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அறவிடறதுன்னா, வசூல் பண்றதா?"

"ஓம் ஐயா."

"அப்ப அன்னிக்கு போன்ல நீ சொன்னது..."

"வாங்குவம் எண்டுதான் சொன்னேன் ஐயா. நீங்க ஏன் சந்தோஷப்படுறீங்க எண்டு எனக்கு விளங்கல்ல."

"அந்தத் தாள்ல அரசாங்கம் சொன்னது?"

"வாங்கமாட்டம் எண்டு."

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க முதலாளிக்கு இந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா?"

"ஐயா, இந்த ஊர்ல பஸ்ஸில போற பிள்ளைக்கும் தெரியும்."

திரும்பும்போது ஆசிரியர் முன்னால் நடந்தார். எனக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மேல்மாடியில் அங்கிள் போகத் தயாராகி நின்றார். போக முடியவில்லை, படிக்கட்டு வாசலை அடைத்துக்கொண்டு அண்ணன் சோற்றுத் தட்டோடு நின்று, பருப்பைப் பிசைந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் உள்ளே வந்து எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"நான் தப்பாப் படிச்சிருக்கேன். அந்தச் சொல்லுக்கு இங்க வசூல்னு பொருள். பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு, சரியாத்தான் சொல்லியிருக்கு. அது தெரிஞ்சும் இவர் நான் சொன்னதுதான் சரின்னு என்னைக் கும்பிட்டார் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அங்கிளின் கை தானாகவே பைக்குள் போனது. "உதெல்லாம் திருப்பித் தாறதுக்குத்தான் ஐயா வச்சிருந்தனான், இண்டைக்குக் கடைசி நாள்தானே..." என்று காசை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாருடைய கண்ணும் அதில் போனது. எனக்குப் பயம் வந்தது. காசு வந்ததும் விஷயம் முடிந்தது என்று இவர்கள் கையலம்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

"அங்கிள், அது அவங்கட. எனக்குத் தர வேண்டியது?"

"உமக்கென்ன பிள்ளை? சம்பள பாக்கி ஒண்டும் இல்லையே."

நீர் திரும்பி வந்துவிட்டது.

"அண்டைக்கு லொபியில ஒரு சொல் சொன்னீங்க. அதைத் திருப்பி எடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்து, ஆங்கிலத்தில், ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங், சொறி என்றார்.

"தமிழ்ல."

"பிள்ளை..."

"தமிழ்லதானே சொன்னீங்க அங்கிள்."

அங்கிள் தரையைப் பார்த்து ஏதோ முனகினார். ஆசிரியர் வகுப்பறைக் குரலில், "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்றார்.

"இந்தப் பிள்ளை கள்ளி இல்லை."

"பொய் சொன்னது யார்?" ஆசிரியர் விடவில்லை.

"நான்தான்."

நான் நினைத்ததைவிட அது இனித்தது. பழிவாங்குவதில் ஒன்றும் இல்லை, மனம் வெறுமையாகிவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். சொல்பவர்கள் ஒழுங்காகப் பழிவாங்கியிருக்கமாட்டார்கள். எனக்குள் ஒரு பெருநாள் நடந்தது. நான் திரும்பிப் போகப் பார்த்தபோது படிக்கட்டிலிருந்து அண்ணன் வாயில் சோற்றோடு கேட்டார்.

"அங்கிள், கொட்டாஞ்சேனை?"

யாருக்கும் விளங்கவில்லை. அங்கிளுக்கு விளங்கியது. முகம் கருத்தது.

"கொட்டாஞ்சேனை ஆக்களும் நல்ல ஆக்கள்தான்" என்றார்.

"'ம்' வேணாம் அங்கிள். 'தான்' எண்டதும் வேணாம்" என்றார் அண்ணன்.

"கொட்டாஞ்சேனை ஆக்கள் நல்ல ஆக்கள்."

அண்ணன் வழிவிட்டார். அங்கிள் தேயிலைப் பக்கெட் மூன்றை மேசையில் மறந்துவிட்டுப் படியிறங்கினார். இருபத்திரண்டு பேரையும் அண்ணன் விமான நிலையத்தில் இறக்கினார். கைப்பை அம்மா வானில் ஏறுமுன் என் கன்னத்தைத் தடவி ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் ஏறினார். சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை, ஆனால் அவருக்கு நேரமாகிவிட்டது.

இத்தோடு முடித்தால் நான் வென்ற கதை. முடியவில்லை.

நானும் அண்ணனும் சேர்ந்து சொந்தமாகக் குழுக்கள் எடுப்போம் என்று தீர்மானித்தோம். வட்ஸ்அப் போதும், சாறிக்கடை மேல்மாடி தேவையில்லை. முதல் அழைப்பு ஆசிரியருக்கு. கும்பகோணத்தில் இன்னும் இரண்டு குழு வரக் காத்திருக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார்.

"உன் மேல எனக்கு மகள் மாதிரி பாசம்மா" என்றார். "ஆனா அவங்க வியட்நாம் போறாங்க."

"ஏன் ஐயா? வரிதான் இப்ப இல்லையே."

"அதைத்தான் நானும் சொன்னேன். அவங்க கேக்கறாங்க, நாங்க டிக்கெட் போட்டதுக்கப்புறம் திரும்ப வந்தா? ஒரு மாசம் இருக்குங்கறாங்க, அடுத்த மாசம் இல்லைங்கறாங்க. வரி எவ்வளவுன்னா குடுத்துட்டுப் போயிடலாம்மா. இருக்கா இல்லையான்னே உங்க ஊருக்குத் தெரியலையே."

நான் ஏ எடுத்த பாடத்தில் இது இல்லை. வரி ஏறினால் கோடு சரியும் என்று படித்தேன். வரியை எடுத்தால் கோடு திரும்ப ஏறும் என்று புத்தகம் சொன்னது. ஏறவில்லை. ஒருமுறை பயந்தவர்கள், அவர்களைப் பயப்படுத்தியவர்கள் பின்வாங்கியதும் ஓடி வந்துவிடுவதில்லை. அந்த வரியை அறிவித்தவர்களையும் ஒரு சைவக்கடை மேல்மாடியில் நிறுத்தி, வாழை இலைகளுக்கு முன்னால், தமிழில், கடைசி பெஞ்சுக்குக் கேட்கச் சொல்லவைக்க எனக்கு ஆசை. முகவரி தெரியாது. தெரிந்தால் நோட்டீஸ் அடிக்க நான் ரெடி.

அங்கிளின் மேல்மாடிக்கும் இப்போது தமிழ்நாட்டுக் குழு வருவதில்லை. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஆனால் அவருக்கு வெள்ளவத்தை ஒழுங்கையில் இரண்டு வீடு இருக்கிறது, வாடகை வரும். அண்ணனுக்கு வான் மட்டும்தான். இப்போது அவர் காலையில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூல் சேர்விஸ் ஓடுகிறார். சீற் கவரில் ஜாமும் பேனை மையும்.

போன கிழமை வாசலில் அவர் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெடுநாளாகக் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணே, நான் அண்டைக்கு நோட்டீஸ் எடுத்துட்டு வராம இருந்திருந்தா, அங்கிள் உங்களுக்கு வேற ஹயராவது குடுத்திருப்பாரு. நீங்க என்னய நெனச்சுக் கோவப்படுறீங்களா?"

அவர் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"கோவம் வரும் தங்கச்சி. மாசக் கடைசியில வரும்."

"ம்."

"அப்ப அந்த ஆள் தலயத் தொங்கப் போட்டுட்டு, கொட்டாஞ்சேனை ஆக்கள் நல்ல ஆக்கள் எண்டு சொன்னாரே, அத நெனப்பேன். ரெண்டாவது தரம் சொன்னத. பொறகு கோவம் போயிடும்."

"போயிடுமா?"

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும்."

ஒழுங்கை முனையில் யூனிஃபோம் போட்ட ஐந்தாறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அண்ணன் கையைத் துடைத்துவிட்டு வான் கதவை இழுத்துத் திறந்தார்.